முன்னால் போகிறவள்

பிப்ரவரி 11

அன்பு அக்காவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். நானும் அவரும் நலமாக இருக்கிறோம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி குறைந்ததா? நாள் முழுக்கக் குனிந்து ஊராருக்கெல்லாம் பல் செட் செய்துகொண்டிருந்தால் முதுகு சும்மா விடுமா?

ஒரு விஷயம். உட்கார்ந்துகொண்டு படி. நாள் தள்ளிப்போய், டாக்டரம்மா நேற்று உறுதியாகச் சொல்லிவிட்டார். இரண்டு மாதம். அவருக்கு அடுத்தபடி உனக்குத்தான் சொல்கிறேன். போன வருஷம் மாதிரி ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமாகப் போய் "இல்லீங்க, அது நிக்கல" என்று சொல்லிக்கொண்டு திரிய இன்னொரு முறை என்னால் ஆகாது. எல்லாம் முடிந்த பிறகும் எதிர்வீட்டுக்காரி, "என்னம்மா, வயிறே தெரியல?" என்று கேட்டாளே, அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

அவர் தைரியமாகத்தான் இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, ஆறுதலும் அந்தப் பாஷையில்தான். "மூணாவது மாடியத் தாண்டிட்டா அப்புறம் நிக்காது, நேரா மேலதான்" என்கிறார். போன தடவை அந்த மூன்றாவது மாடியில்தானே நின்றது.

ஆபீஸ் வழக்கம்போல. குடிநீர்ப் புகார் பிரிவு என்று பெயர், வருவது முழுக்க வசவு. தண்ணீர் வரவில்லை என்று பாதிப் பேர், வந்த தண்ணீர் நாறுகிறது என்று மீதிப் பேர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் போன் மணி எங்கே அடித்தாலும் முதுகு சில்லிடுகிறது. என்னை போனில் கூப்பிடாதே, கடிதமே எழுது. மவுத் ஆர்கன் பழகிக்கொண்டிருக்கிறேன். கீழ் வீட்டுப் பெரியவர் நேற்று மாடியேறி வந்து, "யாருக்காவது மூச்சுத் திணறலா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. அத்தானைத் தவிர யாரிடமும் சொல்லாதே.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் சுண்டு

*

பிப்ரவரி 26

என் சுண்டுவுக்கு,

உன் கடிதம் கண்டேன். நாங்கள் இருவரும் சுகம். உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்கட்டும்.

வேலை செய்யும் இடத்தில்தான் கடிதத்தைப் பிரித்தேன். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இத்தனை பல் இருக்கிற இடத்தில் யாரும் சிரித்துக் கூட வேலை செய்கிறவர்கள் பார்த்ததில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது நீ உட்கார்ந்துகொள். எனக்கும்தான். மூன்று மாதம்.

ஆமாம். எட்டு வருஷம் கழித்து. "இனி இப்படியே இருந்துவிட்டுப் போவோம்" என்று நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முடிவு செய்த பிறகு. உன் அத்தான் வானிலை ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து மழை என்றால் வெயில் அடிக்கும், வெயில் என்றால் கொட்டும். "சர்வீஸ்ல முதல் தடவையா நான் கேட்டது வந்திருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வேறு எதன்மேலும் ஆசையில்லை. பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டர் மாவு ஈரமாகும்போது ஒரு வாசனை வரும் பார், அதுதான் வேண்டியிருக்கிறது. கிண்ணத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். முதலாளி பார்த்துவிட்டு, "சாப்பிட்டுராதீங்க, வயித்துக்குள்ள செட் ஆகிரும்" என்கிறார்.

மீந்த பிளாஸ்டரில் சின்னச் சின்னப் பிராணிகள் செய்வேனே, அதையே இப்போது ஜோடி ஜோடியாகச் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். ஒரு யானை உன் பிள்ளைக்கு, ஒரு யானை என் பிள்ளைக்கு. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து மட்டும் ஒடிந்துகொண்டே இருக்கிறது.

கணக்குப் பார்த்தால் உனக்கு மூன்று வாரம் முன்னால் நான். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது என்ன செய்தோம்? நான்தானே முதலில் போனேன்? வழக்கம்போல நான் முன்னால் போகிறேன். நீ என் பின்னாலேயே வா. பயப்படாதே.

உன்
அக்கா

*

ஏப்ரல் 19

அன்பு அக்காவுக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நீயும் அத்தானும் உன் வயிற்றிலிருப்பதும் நலமென்று நம்புகிறேன்.

நாலு மாதம் தாண்டிவிட்டது, இனி பயமில்லை என்று மவுத் ஆர்கனைக் கையில் எடுத்தேன். அடுத்த நாளே ஆபீஸில் நாற்காலியைவிட்டு எழுந்தபோது ரத்தம் பட்டிருந்தது. போனில் ஒரு ஆள் தெருக்குழாய் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறான். நான் போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை, அப்படியே நின்றேன். "என்னம்மா, லைன்ல இருக்கியா செத்துட்டியா?" என்றான்.

டாக்டரம்மா படுக்கையைவிட்டு இறங்கக் கூடாது என்றுவிட்டார். "புள்ள நல்லாத்தான் இருக்கு. நீதான் பயந்து பயந்து கெடுத்துக்கற. மனசுல எந்த அதிர்ச்சியும் ஏத்திக்காத" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை?

அக்கா, ஒன்றே ஒன்றுதான் என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீ மூன்று வாரம் முன்னால் நடந்துகொண்டிருக்கிறாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் எனக்கும் ஆகாது. இது அறிவில்லாத நினைப்பு என்று தெரியும். ஆனாலும் தினமும் காலையில் "அக்கா இன்னைக்கும் நல்லாருக்கா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கண்ணைத் திறக்கிறேன். ஒன்றும் மறைக்காமல் எல்லாம் எழுது. எப்போது அசைந்தது, எங்கே அசைந்தது, எல்லாம்.

அவர் எனக்கு ஊசியும் கம்பளி நூலும் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். மூச்சு வாங்காத பொழுதுபோக்காம். தொப்பி பின்னுகிறேன். யானைக்குத்தான் சரியாக இருக்கும்.

உன் பின்னால் வரும்
சுண்டு

*

மே 2

என் சுண்டுவுக்கு,

நாங்கள் சுகம். மூன்று பேரும். இப்படி எழுதுவதே எவ்வளவு ருசியாக இருக்கிறது தெரியுமா?

உன் கடிதத்தைப் படித்ததும் ரயிலேறி வந்துவிடலாமென்று பார்த்தேன். இரண்டு நாள் ரயில் எனக்கு ஆகாதென்று இங்கேயும் டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இருந்த இடத்திலிருந்தே உன்னை மிரட்டுகிறேன். அழுதாயென்று தெரிந்தால் தொலைத்துவிடுவேன்.

எல்லாம் எழுது என்றாய். எழுதுகிறேன். போன வாரம் அசைந்தது. முதலில் வாயு என்று நினைத்தேன். பல் செட்டுக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன், கையில் கத்தி. உள்ளே மீன் வாலைத் திருப்பிய மாதிரி ஒரு சுழிப்பு. கத்தியைக் கீழே வைத்துவிட்டு யாரையாவது கூப்பிட வேண்டும்போல இருந்தது. யாரைக் கூப்பிடுவது? எதிரே வரிசையாகப் பல் செட்டுகள். அவற்றைப் பார்த்துச் சிரித்தேன்.

அத்தான் ஜன்னலோரத்து மேஜையைக் காலி செய்து வைத்திருக்கிறார், தொட்டில் போட. அந்த இடத்துக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஆபீஸ் கருவியைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறார். பைத்தியம்.

நீ நிம்மதியாகப் படு. தினமும் காலையில் என்ன சொல்லிக்கொள்கிறாயோ அதைச் சொல்லிக்கொள். நான் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறேன். வழி நன்றாகவே இருக்கிறது.

ஆசைகளுடன்
அக்கா

*

ஜூன் 21

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது.

உனக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டதே, பெரிய கண்டம் தாண்டிவிட்டாய். டாக்டரம்மா கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. மலம் இறுகும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதே. இடது பக்கம் ஒருக்களித்துப் படு. குளியலறைத் தரையில் ஈரம் இல்லாமல் துடைக்கச் சொல். படியேறாதே. மாப்பிள்ளையை ராத்திரி வேலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாமென்று நான் சொன்னதாகச் சொல். கால் வீங்கினால், தலை வலித்தால், கண் மங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. ஒன்றுமில்லை என்று சும்மா இருந்துவிடாதே. வயிறு கல் மாதிரி இறுகினாலும் போ. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைக்காதே.

பார்சலில் பிராணிகள் வருகின்றன. யானை இரண்டு, முயல் இரண்டு, ஆமை இரண்டு. ஜோடியோடு எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள். இங்கே வைக்க இடமில்லை. ஒட்டகச்சிவிங்கி சரியாக வரவில்லை, விட்டுவிட்டேன்.

வெயில் கடுமை. அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு
அக்கா

*

ஜூலை 3

என் அருமை அக்காவுக்கு,

நலம். உன் நலத்தைத்தான் நீ எழுதவே இல்லையே, அடிப்பாவி!

கடிதமா அது? ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அவர் வாசித்துவிட்டு, "உங்கக்கா பல் செட் வேலைய விட்டுட்டு நர்ஸ் வேலைக்குப் போயிட்டாங்களா?" என்கிறார். ஒரு பக்கம் முழுக்க என் கால், என் கண், என் மலம். உன் வயிற்றைப் பற்றி ஒரு வரி உண்டா? ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு "இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது" என்று ஒருத்தி எழுதுவாளா?

பிராணிகள் வந்து சேர்ந்தன. ஜன்னல் விளிம்பில் அணிவகுத்து நிற்கின்றன. உன் பிள்ளையின் பங்கை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நீ அதைத் தூக்கிக்கொண்டு வரும்போது பிரித்துக் கொடுப்பேன். அதுவரை என் பொறுப்பு.

எனக்கு இங்கே கட்டிலும் கூரையும்தான். நடுவில் உன் கடிதம். பழைய கடிதத்தில் மீன் வால் என்று எழுதியிருந்தாயே, அதை வயிற்றின்மேல் வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறேன், எத்தனையோ தடவை. உள்ளே இருப்பது கேட்டதோ என்னவோ, மறுநாளே அதுவும் வாலைத் திருப்பிற்று. இப்போது உதைக்கிறதா உனக்கு? எந்தப் பக்கம்? பலமாகவா, செல்லமாகவா? அத்தான் கை வைத்துப் பார்த்தாரா? ஒரு பக்கமாவது எழுது. அது வந்தால்தான் இந்த மாதத்தைத் தள்ளுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அக்கா. சமயத்தில் மூச்சே நின்றுவிடுகிற மாதிரி பயம் வருகிறது.

உடனே எழுது.

சுண்டு

*

ஜூலை 17

என் சுண்டுவுக்கு,

சுகம். கேட்டாயல்லவா, எழுதுகிறேன்.

உதைக்கிறது. பெரும்பாலும் இடது பக்கம், விலா எலும்புக்குக் கீழே. காலையில் தூங்கிவிடுகிறது. நான் மெழுகு உருக்க உட்கார்ந்தால் அதற்கு எப்படித்தான் தெரியுமோ, ஒரு நீட்டு நீட்டும். குதிகாலாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற அளவு ஒரு மேடு எழும்பி, தோலுக்கு அடியில் ஊர்ந்து, அப்புறம் அமுங்கிவிடும். தொட்டால் ஒளிந்துகொள்கிறது. கையை எடுத்தால் தேடிக்கொண்டு வருகிறது. விக்கல்கூட வருகிறது, சுண்டு. சின்ன மணி அடிக்கிற மாதிரி, சீராக. நான் தண்ணீர் குடித்தால் நிற்கிறது. எனக்குள் இருந்துகொண்டு எனக்கே தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுக்கிறது.

சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நல்ல காற்று வருகிறது. அங்கேதான் தொட்டில். அப்போது அது அசையாமல் இருக்கும். காற்று வாங்குகிறதென்று நினைத்துக்கொள்வேன்.

உன்னைவிட நான் முன்னால்தான் இருக்கிறேன். ஒன்றுமில்லை. ஒன்றும் ஆகாது. நீ நிம்மதியாகப் படு. உன் பிள்ளை நல்லபடியாக வரும்.

அக்கா

*

ஆகஸ்ட் 24

அன்பு அக்காவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். டாக்டரம்மா எழுந்து கொஞ்சம் நடக்கலாமென்று சொல்லிவிட்டார்.

அவரைக் கம்பெனியில் திடீரென்று உங்கள் ஊருக்கு அனுப்பினார்கள், ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் மாட்ட. உனக்கு முன்கூட்டி எழுத நேரமில்லை. நான் பின்னிய தொப்பிகளில் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். போய்ச் சேர்ந்திருக்கும்.

அவர் திரும்பி வந்துவிட்டார். "அக்கா நல்லா இருக்காங்க, உன்னத்தான் விசாரிச்சாங்க" என்று சொன்னார். டீ நன்றாக இருந்ததாம். வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறீர்களாம்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. ஆபீஸில் என் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாளாம், முதல் நாளே திட்டிய ஆளைத் திரும்பத் திட்டிவிட்டாளாம். கீழ் வீட்டுப் பெரியவர் மவுத் ஆர்கன் சத்தமே கேட்கவில்லையே, உடம்புக்கு என்ன என்று கேட்டனுப்பினார். பார், அவருக்கே பழகிவிட்டது.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, அக்கா. கனமான எதையும் தூக்காதே. தொப்பியை வைத்துக்கொள். வேண்டாமென்றால் யாருக்காவது கொடுத்துவிடு. உன் இஷ்டம்தான்.

அன்புடன்
சுண்டு

*

செப்டம்பர் 3

என் சுண்டுவுக்கு,

நீ இந்தக் கடிதத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் உதைக்கிறதென்று கேட்கவில்லை. எனக்கு நாள் நெருங்கிவிட்டதே, எந்த ஆஸ்பத்திரி என்றுகூடக் கேட்கவில்லை. அப்படியென்றால் உனக்குத் தெரிந்துவிட்டது.

உன் வயிற்றில் இருப்பது முழுசாக வளர்ந்துவிட்டது, இனி சொன்னால் தாங்குவாய். எழுதிவிடுகிறேன்.

மே மாதம், அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட அடுத்த வாரம். வேலையில் இருந்தேன். வயிறு கல் மாதிரி இறுகிற்று. நாளைக்குப் பார்க்கலாமென்று நினைத்தேன். சாயங்காலம் எழுந்தபோது நாற்காலி நனைந்திருந்தது. முதலாளி தன் வண்டியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு போனார். அவர் போட்டிருந்த சட்டை வீணாகிவிட்டது. பெண் பிள்ளை. மூச்சு இல்லை. ரத்தம் நிற்கவில்லையென்று கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். அத்தானிடம் கையெழுத்துக் கேட்டபோது, "எடுத்துட்டா அப்புறம்?" என்று கேட்டாராம். "எடுக்கலன்னா அப்புறமே இல்ல சார்" என்றாராம் டாக்டர்.

கண் விழித்ததும் பார்க்க வேண்டுமென்று கேட்டேன். அத்தான் வேண்டாமென்றார். நான் கத்தினேன். கொண்டுவந்து காட்டினார்கள். நகம் இருந்தது, சுண்டு. அதற்கு மேல் எழுத வரவில்லை.

படுக்கையருகில் உன் இரண்டு கடிதங்களும் இருந்தன. "அக்கா இன்னைக்கும் நல்லாருக்கா" என்று தினமும் சொல்லிக்கொள்கிறாயே, அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. ஜூன் மாதத்தில் எழுதியபோது பொய் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாமென்று பார்த்தேன். நீ விடவில்லை. ஜூலைக் கடிதத்தை அத்தான் படித்துவிட்டார். "இதப் போடாத. அவ உயிரோட வெளையாடற, உன் உயிரோடயும் வெளையாடற" என்றார். "அவளாவது பெத்துக்கட்டும்" என்றேன். "அது வேற. நீ இத எழுதறப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். விக்கலைப் பற்றி எழுதினேனே, அப்படி எனக்கு நடந்ததே இல்லை. அதுவரை இருக்கவில்லை அது. ஆனால் எழுதிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் முழுக்க எனக்குள் மணி அடித்தது. இந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த கடைசிச் சாயங்காலம் அது. தபால் பெட்டியில் போட்டதும் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை வந்தபோது நான்தான் கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "வீடு மாறி வந்துட்டேனோன்னு..." என்றார் பாவம். தொப்பியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு டீ குடித்தார். "அவகிட்ட என்னங்க்கா சொல்ல?" என்று கேட்டார். "நல்லாருக்கேன்னு சொல்லுங்க" என்றேன்.

நீ என்னைப் பற்றி நினைக்காதே. டாக்டர் சொல்கிறபடி நடந்துகொள். பிள்ளை பிறந்ததும் மாப்பிள்ளையை இரண்டு வரி எழுதச் சொல்.

அக்கா

*

அக்டோபர் 20

அக்கா,

எனக்குப் பெண் பிறந்து ஒரு மாதமாகிறது. அவர் இரண்டு வரி எழுதிப் போட்டார், நீ பதில் எழுதவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? சாப்பிடுகிறாயா?

அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவே வேண்டியிருக்கவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைச் சிரிக்க வைத்து வெளியே எடுக்கிற மனுஷன், ஊரிலிருந்து வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். "எனக்கு வாய்ல வரல" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! எந்த முட்டாளுக்கும் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம், அக்கா. எந்தப் பக்கம் உதைக்கிறது, பலமாகவா செல்லமாகவா என்று என்னைக் கேட்க வைத்துவிட்டாயே. ஆஸ்பத்திரிச் சுவர் நோட்டீஸ் என்று கேலி செய்தேன். நீ இரண்டாகக் கிழிந்து கிடந்திருக்கிறாய், நான் இங்கே யானைத் தொப்பி பின்னிக்கொண்டு சிரித்திருக்கிறேன். யார் உன்னைக் கேட்டார்கள் முன்னால் போகச் சொல்லி? நான்தான் கேட்டேன். அதுவும் தெரிகிறது.

அவளைப் பார்க்கிறபோதெல்லாம் உன்னிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்த மாதிரி இருக்கிறது. பெண் என்று நர்ஸ் சொன்னதும் நான் அழுதேன். சந்தோஷமென்று நினைத்துக்கொண்டார்கள்.

நீ வா. அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. இங்கேயே இரு. ஒரு மாதம், ஒரு வருஷம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும். அவளுக்கு இரண்டு அம்மா என்று சொல்லி வளர்க்கிறேன். அடுத்து ஒன்று பிறந்தால் அதை உனக்கே கொடுத்துவிடுகிறேன். அவரிடமும் கேட்டுவிட்டேன், சரி என்றார். இப்படி எழுதுவது சரியா தப்பா என்று தெரியவில்லை. கிழித்துப் போட்டு வேறு எழுதலாமென்றால் அவள் எழுந்துவிடுவாள்.

வா அக்கா.

சுண்டு

*

நவம்பர் 28

என் சுண்டுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் வந்தேன். உனக்குத் தெரியாது. போன வாரம் ரயிலேறி வந்தேன். அத்தானிடம் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. மலைமேல் இருக்கிற வானிலை நிலையத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. சண்டை போட இரண்டு பேர் வேண்டும். "கொஞ்ச நாள் தனியா இருந்து பாப்போம்" என்றார். எதைப் பார்ப்போமென்று நான் கேட்கவில்லை. ஜன்னலோரத்து மேஜையைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுத்தான் போனார்.

ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு பெண், கைக்குழந்தையோடு. "கொஞ்சம் புடிங்க, மொகம் கழுவிட்டு வந்துர்றேன்" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். பிடித்துக்கொண்டேன். நன்றாகத்தான் பிடித்துக்கொண்டேன். சரி, முடியும், என்று தைரியம் வந்தது.

உன் தெருவுக்கு வந்து எதிர்ப்பக்கக் கடை வாசலில் நின்றேன். உன் மாடிக் கொடியில் சின்னச் சின்னத் துணிகள். நீ வெளியே வந்தாய். சதை போட்டிருக்கிறாய், நல்லது. தோளில் துண்டு. ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்து, காய்ந்ததை மட்டும் எடுத்தாய். உள்ளே திரும்பி யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தாய். பதில் சொல்லத் தெரியாத ஒருவரிடம் பேசுகிற சிரிப்பு அது. ஒரு கையசைத்தால் போதும், ஓடிவந்திருப்பாய். எனக்குக் கை எழவில்லை. கடைக்காரர், "என்னங்க வேணும்?" என்றார். ஒன்றும் வேண்டாமென்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

யாரோ பெற்ற பிள்ளையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. உன் பிள்ளை அப்படியில்லை. என் பிள்ளை அதற்கு மூன்று வாரம் மூத்தவளாக இருக்க வேண்டியவள். உன் பெண்ணுக்குப் பல் முளைக்கும்போது, அவள் நடக்கும்போது, பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அவளுக்கு முன்னால் யாரும் இல்லாத ஒரு இடத்தை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது உன் பெண்ணுக்கு நல்லதில்லை.

அடுத்தது பிறந்தால் கொடுத்துவிடுகிறேன் என்று இனி எழுதாதே. நீ மனசாரச் சொன்னாய் என்று தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

எனக்கு ஒன்று செய். பிள்ளையைப் பற்றி இப்போதைக்கு எழுதாதே. ஒரு வரிகூட வேண்டாம். நானாகக் கேட்கிறவரை. எப்போது கேட்பேனென்று தெரியவில்லை. மற்றதெல்லாம் எழுது. தெரு, ஆபீஸ், மழை, உன் பொழுதுபோக்கு, எதுவானாலும். உன் கடிதமும் வராவிட்டால் எனக்கு வேறு யார் எழுதுவார்கள்?

அக்கா

*

டிசம்பர் 22

அன்பு அக்காவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும், அதாவது அவரும் நானும், நலம். நீ எப்படி இருக்கிறாய்?

நீ சொன்னபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் தாளைக் கிழித்துவிட்டேன். அதற்கு அடுத்ததையும்.

தெரு முனையில் எங்கள் ஆபீஸ்காரர்கள் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மூடுவார்களென்று தோன்றவில்லை. தெருவே நின்று திட்டுகிறது. நானும் திட்டினேன். புகார் செய்ய நம்பர் தெரியும், ஆனால் அந்தப் புதுப் பெண் எடுப்பாள், பாவம்.

நான் இன்னும் வேலைக்குப் போகவில்லை. லீவு பாக்கி இருக்கிறது. காலையில் எழுந்திருக்கிறேன், பார்த்தால் மத்தியானம் ஆகிவிடுகிறது. நடுவில் என்ன செய்தேன் என்று யோசித்தேன். துணி துவைத்தேன். வேறு என்ன என்று எழுதத் தெரியவில்லை.

பொழுதுபோக்கு எதுவுமில்லை. வீட்டில் சத்தம் போடுவதில்லை.

அவர் கடைத்தெருவில் ஒரு புதுக் கட்டடத்தில் வேலை பார்க்கிறார். முன்பெல்லாம் இருட்டிய பிறகுதான் வருவார். இப்போது சாயங்காலமே ஓடிவந்துவிடுகிறார். இன்றைக்கு இன்னும் வரவில்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன்.

நேற்று ரொம்பச் சிரித்தேன். எதற்கென்று மறந்துவிட்டது.

குளிர் அதிகமாக இருக்கிறது. ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன். காற்று ஆகாது. எனக்கு.

இன்னும் அரைப் பக்கம் மீதியிருக்கிறது. அக்கா, நான் உன்னிடம் ஒன்றையும் மறைத்ததில்லை. மறைக்கத் தெரியாமல் எழுதுகிறேன், தப்பிருந்தால் மன்னித்துக்கொள். நீ எனக்கு எழுதிய அந்த இரண்டு கடிதங்களையும் எப்படித்தான் எழுதினாய் என்று இப்போது உட்கார்ந்து பார்க்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்.

சுண்டு